ஜனாஸாவில் கொடுத்த வாக்கு

சாயிரா பானு அந்த ஆளின் முகத்தைக் கடைசிவரைக்கும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் அவனுடைய கால்களைத்தான்.

கணவன் மௌத்தான பிறகு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா. அதுவரை அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. வாசல் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரையைக் கட்டிவிட்டிருந்தார்கள். துவைத்துத் துவைத்துச் சுருங்கிப்போன திரை அது. தரையிலிருந்து ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. அந்த ஒரு சாண் இடைவெளிதான் அப்போது அவளுக்கு உலகம். தண்ணீர் கேன் போடுகிறவனின் சேறு படிந்த பாதம், துக்கம் கேட்க வந்தவர்களின் வெடித்த குதிகால்கள், கொழுந்தன் அஜ்மலின் நீளமான விரல்கள். எல்லாரும் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வந்தவர்கள்.

ஒருநாள் காலை அந்த இடைவெளியில் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ ஒன்று வந்து நின்றது. துக்க வீட்டுக்குள் ஷூவோடு வருகிறவன் துக்கம் கேட்க வரவில்லை என்பது அவளுக்கு உடனே புரிந்தது.

"அம்மா, வணக்கம். என் பேர் சக்கரவர்த்தி. பேங்க்லேர்ந்து வர்றேன்."

மகள் பிர்தௌஸ் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிற பெண்.

"எந்த பேங்க்லேர்ந்து?" என்றாள் சாயிரா, திரைக்குள் இருந்து.

அவன் பேரைச் சொன்னான். சொல்லிவிட்டு, "பேங்க்குக்காக வசூல் பாக்கற கம்பெனிம்மா நாங்க" என்று சேர்த்துக்கொண்டான். பேங்கிலிருந்து வருவது வேறு, பேங்குக்காக வருவது வேறு. முதல் பேச்சுக்கும் இரண்டாம் பேச்சுக்கும் இடையிலேயே ஒரு பொய் உதிர்ந்து விழுந்ததை அவள் மனத்தில் முடிந்துகொண்டாள்.

"நசீர் சார் ரெண்டு கிரெடிட் கார்டு வச்சிருந்தாரு. வட்டியோட ஏழு லட்சத்தக் கிட்ட நெருங்குது."

"அவரு இல்லீங்களே."

"தெரியும்மா. ரொம்ப நல்ல மனுசன். அதனாலதான் ஆளு அனுப்பாம நானே வந்தேன்."

"அவர உங்களுக்குப் பழக்கமா?"

"போன்ல பேசியிருக்கேம்மா."

சாயிராவுக்குச் சுருக்கென்றது. கடைசி ஆறேழு மாதமாக நசீர் அகமது போன் அடித்தால் மாடிக்குப் போய்விடுவார். அரை மணி நேரம் கழித்து முகம் கறுத்து இறங்கி வருவார். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற தொழில். எத்தனையோ ஜனங்கள், எத்தனையோ பெண்கள் வந்துபோகிற இடம். அவள் என்னென்னவோ நினைத்து, ஒருநாள் சோற்றுத் தட்டைக்கூட டொக்கென்று வைத்திருக்கிறாள். அவர் ஒன்றும் சொல்லாமல் பிசைந்து தின்றுவிட்டுப் போனார். மாடியில் அவரிடம் பேசியது இந்தக் குரல்தானா?

"இப்ப என்ன செய்யணும்கறீங்க?"

"கட்டலன்னா பேங்க் வீட்டு மேல சார்ஜ் போட்டுடும்மா. வில்லங்கத்துல ஏறிடும். நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு ஒரு நல்லது பண்ண வீட்ட வெச்சு ஒரு ரூபா பொரட்ட முடியாது. விக்கவும் முடியாது. அதுக்கு முன்னாடி நீங்களா ஒரிஜினல் பத்திரத்தக் குடுத்து, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிக்கலாம். வட்டிகூடக் கம்மி பண்ணித் தரச் சொல்றேன்."

"நான் இத்தாவுல இருக்கேன். வெளிய வரமாட்டேன்."

"தெரியும்மா. ரிஜிஸ்ட்ரார வீட்டுக்கே கூட்டியாரலாம், அதுக்கு ஒரு பீஸ் இருக்கு. நீங்க யோசிங்க. ஒங்க கொழுந்தனாரும்தான் பொறுப்பு ஏத்துக்கிட்டாரே, பள்ளிவாசல்ல, ஜனங்க எல்லார் முன்னாடியும். மய்யித்தோட கடனத் தீக்காம வெச்சா ரூஹு, அதான் ஆத்மா, அந்தரத்துல தொங்கும்னு ஒங்கள்ல சொல்லுவாங்கல்ல?"

ஷூ திரும்பியது. வாசல் படியில் டக் டக்கென்று இறங்கிப் போனது.

பிர்தௌஸ் திரையை விலக்கி உள்ளே வந்தாள். "என்னம்மா, எங்கியோ பாத்துக்கினு கீற?"

"சக்கரவர்த்தின்னு பேரு. மய்யித்துங்கறான், ரூஹுங்கறான். ஜனாஸாவுல என்ன பேசினாங்கன்னு இவனுக்கு யாருடி சொன்னது?"

"நீ போலீஸ்ல சேந்திருக்கணும்மா."

"சேந்திருந்தா ஒங்கத்தாவ மொதல்ல விசாரிச்சிருப்பேன்."

சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது.

அஜ்மல் ஜனாஸாவில் பேசியது உண்மைதான். தொழுகைக்கு முன்னால், இறந்தவரின் மகனோ தம்பியோ எழுந்து நின்று, "இவர் யாருக்காவது கொடுக்க வேண்டியது இருந்தால் என்னிடம் கேளுங்கள், நான் பொறுப்பு" என்று சொல்வது வழக்கம். நசீருக்கு மகன் இல்லை. அஜ்மல் எழுந்தான். சொல்லும்போது குரல் உடைந்து, பாதியில் நிறுத்தி, மறுபடி சொன்னானாம். மையவாடிக்குப் போய்வந்த ஆண்கள் வீட்டில் வந்து சொன்னபோது, "தம்பின்னா இவன்ல்ல தம்பி" என்று பெண்கள் எல்லாரும் உருகினார்கள். சாயிராவும் அவனுக்காகத் துஆ செய்தாள். இப்போது அந்த உருக்கமே அவளுக்கு உறுத்தியது. எல்லாரும் சடங்காகச் சொல்லிவிட்டு உட்காருகிற வார்த்தைக்கு இவன் மட்டும் எதற்கு அப்படி உடைந்துபோனான்?

சாயங்காலம் அஜ்மல் வந்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். வரும்போதெல்லாம் ஏதாவது வாங்கி வருவான். அன்றைக்கு நெய் பிஸ்கட்.

"அண்ணி, யாரோ வந்தாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"பிர்தௌஸ்தான்…"

"நான் சொல்லல சாச்சா" என்றாள் பிர்தௌஸ், பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே.

நீளமான விரல்கள் தரையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. முகத்தை மறைக்கத் தெரிந்த ஆணுக்குக் கூடக் காலை மறைக்கத் தெரிவதில்லை.

"எனக்கும் போன் பண்ணாரு அண்ணி, அந்த ஆளு. அண்ணனோட கடன் நம்ம தலைமேல இருக்கறது நல்லதா? அண்ணன் அங்க நிம்மதியா இருக்கணும்ல. பத்திரத்த சும்மா அவங்ககிட்ட வெச்சிருக்கத்தான கேக்கறாங்க. பத்திரம் எங்க இருக்கு, பீரோவுலயா?"

"எங்கியோ இருக்கு. தேடணும்."

அவன் போனதும் முதல் வேலையாகப் பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்தாள். அவளுடைய அத்தா ஆரணியில் மனையை விற்றுக் கொடுத்த பங்கில் வாங்கிய வீடு. சாயிரா பேரில்தான் இருக்க வேண்டும் என்று நசீரே பிடிவாதமாகச் சொல்லி ரிஜிஸ்டர் செய்தார். அரிசி டிரம்முக்குள் வைத்தாள். பூச்சி அரிக்குமோ என்று எடுத்தாள். கடைசியில் தையல் மெஷின் மேஜையின் இழுப்பறையில் துண்டுத் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை ஒரு கயிற்றில் கோத்து, முன்பு தாலிக் கருகமணி இருந்த வெறும் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

இரண்டாவது தடவை சக்கரவர்த்தி வந்தபோது அவள் தயாராக இருந்தாள். ஆனால் சண்டைக்கு அல்ல. மீன்காரியிடம் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல அவனைப் பார்க்க நினைத்திருந்தாள்.

"ஏங்க, ஒரு சந்தேகம். அவ்ளோ காசுக்கு இவரு என்னதான் வாங்கினாரு? வீட்ல ஒரு பிரிட்ஜ்கூட மாத்தலியே."

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதும்மா."

"பொஞ்சாதி நானு. வேற ஏதாவது வீட்டுக்கு வாங்கிக் குடுத்தாரான்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

ஷூ ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு அவன் சிரித்தான். "சீச்சீ, அப்படி மனுசன் இல்லம்மா அவரு. தப்பா நெனைக்காதீங்க. எல்லாம் செல்போன்தான். மாசாமாசம் செல்போன்."

"ஓ, செல்போனா" என்றாள் சாயிரா.

நசீர் அகமது மௌத்தாகும்போது அவர் கையில் இருந்தது, கண்ணாடி விரிசல் விட்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு செல்போன்.

அவன் போன பிறகு அவள் ரொம்ப நேரம் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பொம்பளை விவகாரம் இல்லை என்பதில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே அவமானம். செத்தவரை இத்தனை நாளும் சந்தேகப்பட்டிருக்கிறாள். அதற்கும் பின்னால், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் செல்போன் கடை.

"சாச்சாவ வரச்சொல்லு" என்றாள் மகளிடம். "பிஸ்கட் வேணாம்னு சொல்லு."

அஜ்மல் வந்து உட்கார்ந்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை. "ஒங்கண்ணன் ஒங்கடைல எத்தன செல்போன் வாங்கினாரு தம்பி?"

தெருவில் ஆட்டோ ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது.

"கேக்குதா?"

"ஒண்ணுகூட வாங்கல அண்ணி" என்றான். குரல் உடைந்தது; ஜனாஸாவிலும் இப்படித்தான் உடைந்திருக்க வேண்டும். "கொரோனாவுல வெள்ளைக்காரங்க வரல. எட்டு ஸ்கூட்டரும் வெயில்ல நின்னுச்சு. கடை எடத்துக்கு வாடகை, வண்டிக்குத் தவணை. அப்ப ஒரு கார்டு எடுத்தாரு. கட்ட முடியல. எங்கடை மெஷின்ல கார்ட தேய்ச்சு, போன் வித்த மாதிரி பில் போட்டு, காச எடுத்துக் குடுத்தேன். அதுல அந்த வாடகையும் தவணையும் கட்டுனாரு. அடுத்த மாசம் அதக் கட்ட இன்னொரு கார்டு. இதத் தேய்ச்சு அத, அதத் தேய்ச்சு இத. எல்லாக் கடைலயும் இப்படித்தான் அண்ணி பண்றாங்க."

"சும்மாவா தேய்ச்ச?"

"ரெண்டு பர்சென்ட்."

"கூடப்பொறந்தவன்கிட்டயா?"

"மெஷினுக்கே ஒண்ணே முக்கால் போயிடும் அண்ணி."

"மீதி கா பர்சென்ட்டு?"

அவன் அழ ஆரம்பித்தான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. "அந்தக் கா பர்சென்ட்டத்தான் பள்ளிவாசல்ல நின்னு கழுவப் பாத்தியா?"

"மனசார சொன்னேன் அண்ணி. நெசமாவே நான் கட்டணும்னுதான் சொன்னேன். அந்த ஆளு போன் பண்ணப்பவும், நான் ஜமாத் முன்னாடி பொறுப்பு ஏத்துக்கிட்டேன் சார்னு நானேதான் சொன்னேன். பெருமையா சொன்னேன். அதப் புடிச்சுக்கினான். அப்புறம்தான் பில்லெல்லாம் ஒங்கடைதான, பொய் பில்லுன்னு எழுதிக் குடுத்தா மெஷினும் போயிடும், கேஸும் ஆயிடும்ன்னான். ஒங்கண்ணிகிட்ட பத்திரத்த வாங்கிக் குடுத்துரு, நான் மறந்துடறேன்னான்."

அப்படியென்றால் ஒருவன் கழுத்தைப் பிடித்து இன்னொருத்தியின் மடியை அவிழ்க்கப் பார்க்கிறான். அதுவரை சரியாகப் புரிந்தது. புரியாதது ஒன்று இருந்தது. அன்று இரவு சோறு இறங்காமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஷூ போட்டுக்கொண்டு வருகிறவன், சார்ஜ் போடுவேன், வில்லங்கம் ஏற்றுவேன் என்கிறவன், எதற்கு இத்தனை தடவை "அம்மா, அம்மா" என்று வாசலில் வந்து நிற்கிறான்? எதற்கு அஜ்மலை மிரட்டி, ரூஹைச் சொல்லி, ரிஜிஸ்ட்ராரை வீட்டுக்கே கூட்டிவரப் பார்க்கிறான்? எடுக்க முடிந்தவன் ஏன் கேட்கிறான்?

தன் யோசனையின் மேலேயே அவளுக்குச் சந்தேகம். மறுநாள் பிர்தௌஸின் சிநேகிதியுடைய அம்மா, வேதா என்கிற வக்கீல், அவளுக்குப் போன் போட்டார்கள். வேதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கார்டு கடனுக்கு வீடு ஈடு இல்லீங்க. அதுவும் வீடு ஒங்க பேர்ல, ஒங்கப்பா காசுல வாங்கினது. கோர்ட்டுக்கே போனாலும் ஒங்க வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன சொத்துலேர்ந்துதான் கேக்க முடியும். நீங்களா பத்திரத்தத் தூக்கிக் குடுத்து கையெழுத்துப் போட்டாதான் வில்லங்கம் ஏறும்."

"பீஸ் எவ்ளோங்க?"

"பீஸெல்லாம் வேணாங்க. போன்லதான பேசுனேன்."

போனை வைத்ததும் சாயிரா மகளைப் பார்த்தாள். "வக்கீலு காசு வேணாங்கறா. ஏண்டி?"

"எம்மா! அவங்க பொண்ணு நோட்ஸ் எல்லாம் என்னுதப் பாத்துதான் காப்பி அடிக்கிது. போதுமா?"

அது கொஞ்சம் நம்பும்படியாக இருந்தது.

ஆனாலும் தூக்கம் வரவில்லை. வீடு போகாது, சரி. கடன்? சக்கரவர்த்தியின் வாய் சொன்னாலும் ரூஹைப் பற்றிய அந்தப் பேச்சு பொய்யில்லை. சின்ன வயதில் ஓதக் கற்ற நாளிலிருந்து கேட்ட பேச்சு. வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு மனுசனை அந்தரத்தில் விட்டுவிடுவதா? பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் வீட்டுக்குப் பிர்தௌஸை அனுப்பிக் கேட்கச் சொன்னாள். அவர் அதிகம் பேசவில்லையாம். "மய்யித் விட்டுப்போன பொருள்லேர்ந்து மய்யித்தோட கடன். அதுக்கப்புறம்தான் வாரிசுக்குப் பங்கு. பொஞ்சாதி பொருள் பொஞ்சாதிக்கு. அதக் குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. அசல அடைக்கப் பாருங்க" என்றாராம். வக்கீலும் ஹஜ்ரத்தும் ஒரே பேச்சைப் பேசுகிறார்களே என்று அதிலும் ஒரு நிமிடம் சந்தேகம் வந்து, பிறகு போய்விட்டது.

பௌர்ணமி அன்று மத்தியானம் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். திரைக்கு அடியில் தெரிந்தவை வெறும் கால்கள். தார் ரோட்டின் கரி ஒட்டி, விரலிடுக்கில் மண் அப்பி, இடது குதிகாலில் ஒரு சின்னப் பிளாஸ்திரி. கிரிவலம் போகிற யாரோ தண்ணீர் கேட்கிறார்கள் என்று நினைத்து, "பிர்தௌஸ், சொம்புல தண்ணி குடு" என்றாள்.

"தேங்க்ஸ்மா" என்றது சக்கரவர்த்தியின் குரல். "கிரிவலம் வந்தேன். வண்டியெல்லாம் நிறுத்திட்டாங்க. அப்படியே ஒங்களையும் பாத்துட்டுப் போயிடலாம்னு."

பிர்தௌஸ் பின்னால் வந்து கிசுகிசுத்தாள். "நெத்தி பூரா விபூதிம்மா. பாத்தா பாவமா இருக்கு."

பாவம்தான். ஷூ இல்லாத அந்தக் கால்களைப் பார்த்தபோது சாயிராவுக்குமே ஒரு கணம், பொண்டாட்டி பிள்ளைக்காக நாலு வீடு ஏறி இறங்குகிறவன் என்று தோன்றிவிட்டது. அந்த எண்ணத்தையும் அவள் சந்தேகப்பட்டாள். மலையைச் சுற்றப் புறப்பட்டவன் வழியில் வசூலையும் முடித்துக்கொள்கிறான்.

அவனுக்குப் பக்கத்தில் அஜ்மலின் கால்களும் வந்து நின்றன. சக்கரவர்த்தி வரச் சொல்லித்தான் அஜ்மல் வந்திருந்தான்.

"பத்திரம் எடுத்து வெச்சிட்டீங்களாம்மா? அஜ்மல் பாய் சொன்னாரு."

"எடுத்து வெச்சிருக்கேன். குடுக்கறதுக்கு இல்ல." தன் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன். ஒங்களால எடுக்க முடியும்னா, எதுக்கு எங்கிட்ட கேக்கறீங்க?"

"அம்மா, ஒங்க நல்லதுக்குத்தான்…"

"எங்க நல்லத நாங்க பாத்துக்கறோம். கடன் அவரோடது. எட்டு ஸ்கூட்டர் அவரோடது. வீடு என்னோடது. ஸ்கூட்டர வித்துடறோம். அசல் எவ்ளோ, வட்டி எவ்ளோன்னு எம்பொண்ணு பேங்க்ல நேரா போய் எழுதி வாங்கியாருவா. காச பேங்க் கவுன்டர்ல கட்டி, ரசீது வாங்குவோம். ஒங்க கைல ஒத்த ரூபா வராது."

சக்கரவர்த்தி சொம்பைக் கீழே வைத்தான். "ஓட்டை வண்டிங்கம்மா அதெல்லாம். ரெண்டு லட்சம் தேறினா ஜாஸ்தி. மீதி?"

"மீதிக்கு ஜனாஸாவுல ஒருத்தர் வாக்குக் குடுத்தாரு. நீங்கதான் எனக்கு ஞாபகப்படுத்தினீங்க. ஒங்க பக்கத்துலதான் நிக்கறாரு. வாக்குக் குடுத்தது அவரு, எங்க வீடு இல்ல."

வெளியே தெருமுனையில் கூட்டத்தின் இரைச்சல். சக்கரவர்த்தியின் குரலில் இருந்த "அம்மா" காணாமல் போயிற்று. "அஜ்மல் பாய், கடை பில்லு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். நான் ஒரு லெட்டர் எழுதினா போதும்."

சாயிரா கயிற்றுச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இங்கேதான் எல்லாம் இருந்தது. அஜ்மல் இப்போது "அண்ணி, எனக்காக" என்று ஒரு வார்த்தை சொன்னால், திரைக்கு அடியில் மண்டி போட்டுவிட்டால், பிர்தௌஸ் முன்னால் அந்த அழுகையை அவள் எத்தனை நேரம் தாங்குவாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நீளமான விரல்கள் தரையை அழுத்தின.

"எழுதிக்கோங்க" என்றான் அஜ்மல். "மெஷின நேத்தே திருப்பிக் குடுத்துட்டேன். கேஸ்னா வந்து நிக்கறேன். என் அண்ணன் கடனுக்கு நான்தான் பொறுப்புன்னு சொன்னேன். என்னக் கேளுங்க. இந்த வாசலுக்கு வராதீங்க."

கரி ஒட்டிய கால்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு திரும்பின. படியில் சத்தமே இல்லாமல் இறங்கி, தெருவில் போய்க்கொண்டிருந்த ஆயிரம் வெறுங்கால்களோடு கலந்துபோயின.

பிர்தௌஸ் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அஜ்மல் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணி, நாளைக்கே ஆளக் கூட்டிட்டு வந்து வண்டிங்கள வெல பேசிடறேன். எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கான்." சற்றுப் பொறுத்து, "இப்பவாச்சும் என்ன நம்பறீங்களா?" என்றான்.

சாயிரா பானு திரைக்கு அடியில் அந்த நீளமான விரல்களைப் பார்த்தாள். மெஷினை உண்மையாகவே திருப்பிக் கொடுத்தானா, நாளைக்கு விசாரிக்க வேண்டும்.

"கூட்டிட்டு வா தம்பி" என்றாள். "எட்டு சாவியும் பிர்தௌஸ்கிட்டயே இருக்கட்டும்."